கரிசலில் வண்டி திரும்பாது

இடைசெவலில் மழைக்காலத்தில் கார் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும். தார் ரோட்டை விட்டு இறங்கினால், போன தடத்திலேயே பின்பக்கமாகத்தான் வந்து சேரவேண்டும். திருப்புவதற்கு இடமா இல்லை? கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் காடுதான். ஆனால் தடத்தை விட்டு ஒரு சக்கரம் விலகினால் போதும், கரிசல் பிடித்துக்கொள்ளும். டயரின் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடக்கொஞ்சம் மண் ஏறி, மட்கார்டுக்குள் அடைந்து, கடைசியில் சக்கரமே சுற்றாது. பிறகு கடப்பாரையால் குத்திக் குத்தி எடுக்கவேண்டியதுதான்.

அதனால் எங்கள் ஊர்ப்பக்கம் ரிவர்ஸ் லைட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. முன் விளக்கு ஒன்று எரியாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் ரிவர்ஸ் லைட் இல்லாமல் காட்டுக்குள் வண்டியை இறக்க ஒருத்தரும் துணியமாட்டார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் தடத்தை ஒட்டியே வாய்பிளந்து கிடக்கும். ஊருக்குள் வந்தாலும் நிம்மதி இல்லை. ஒருபக்கம் படப்பு, ஒருபக்கம் தொழுவம், நடுவில் நுகத்தடியைத் தரையில் ஊன்றிக்கிடக்கும் மாட்டுவண்டி. யாராவது இறங்கிப் பின்னால் நின்று டிக்கியைத் தட்டித் தட்டி, “வரட்டும்… வரட்டும்… ரைட்ல ஒடி… போதும் போதும்” என்று குரல் கொடுத்தால்தான் வண்டி மெயின் ரோட்டைப் பார்க்கும்.

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே, திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இரண்டு பேரும் 1923இல் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த பிறகு, 1970இல்; கி.ரா.வுக்கு 1991இல். ஒரே தெருப்புழுதியில் விளையாடியவர்களுக்கு இப்படி வாய்த்தது என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். கி.ரா.வின் கதைகளைப் படித்துவிட்டு ஊரைப் பார்க்கக் கார் பிடித்து வருகிறவர்களும் உண்டு. தெருவுக்குள் ஆசையாக நுழைந்துவிட்டு, வெளியே வர வழி தெரியாமல் திணறும்போதுதான் கதையில் படித்த கரிசல் அவர்களுக்கு டயர்வழியாகப் புரியும்.

பெரியப்பாவிடம் ஒரு மார்க் 3 அம்பாசிடர் இருந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1958இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இறக்கிய வண்டியின் வழிவந்தது; கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஹேண்ட் கியர். அந்த வண்டியில் பொண்ணு மாப்பிள்ளை வந்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பெண்களைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மற்ற நாட்களில் பருத்திக்கொட்டை மூடையும் மல்லி மூடையும்தான் பின்சீட்டில் சவாரி செய்யும். மழை பெய்து மூன்று நாள் ஆனாலும் வண்டிக்குள் மல்லி வாசம் போகாது.

அந்த வண்டியின் ரிவர்ஸ் லைட் கோவில்பட்டியில் வைத்துப் பூட்டியது. பம்பருக்கு மேலே வெள்ளைக் கண்ணாடி போட்ட ஒற்றை விளக்கு. இணைப்பு என்னமோ சின்னதுதான். சாவியைப் போட்டால் ஃப்யூஸ் வழியாகக் கரண்ட் வரும். கியர் ரிவர்ஸில் விழுகிறபோது கியர் பெட்டி ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் அமுங்கும். அங்கிருந்து ஒரு வயர் கதவோரத் தகட்டுக்கு அடியில் ஓடி, பின்சீட்டுக்குப் பின்னால் ஏறி, டிக்கிக்குள் போய்ப் பல்பைத் தொடும். பல்பிலிருந்து எர்த் வயர் பாடியில் ஒரு திருகோடு முடிந்துவிடும். 12 வோல்ட், 21 வாட். இரண்டு ஆம்பியர்கூட இழுக்காத சமாச்சாரம். ஆனால் வண்டியின் நீளம் முழுக்கப் போய்த் திரும்பும் வழியில் எங்கே அறுந்தாலும் பின்னால் இருட்டுதான். லூக்காஸ் முறைப்படி ஃப்யூஸுக்குப் பிந்தின லைனுக்குப் பச்சை, ரிவர்ஸ் விளக்குக்குப் பச்சையில் பழுப்புக் கோடு என்று கணக்கு உண்டு. பூட்டிக்கொடுத்தவர் கையில் அன்றைக்குச் சிவப்பு வயர்தான் இருந்திருக்கிறது. முழுக்கச் சிவப்பு.

கோவில்பட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் எலெக்ட்ரீசியன் அண்ணாச்சி இருந்தார். அவர் கடைக்கு நாங்கள் போய்ச்சேரும் நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும். ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்று சொன்னால் மற்ற கடைகளில் உடனே போனட்டைத் திறப்பார்கள். அண்ணாச்சி திறக்கமாட்டார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “எந்த மாசத்துல இருந்து எரியல?” என்று கேட்பார்.

முதலில் கேட்கிறபோது விளையாட்டாக இருக்கும். அவரோ அந்தப் பதிலை வைத்துத்தான் ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தீர்மானிப்பார்.

பங்குனி, சித்திரை என்றால் பல்பைக் கழற்றுவார். மழையில் மாட்டுவண்டிகள் உழப்பிவிட்ட தடம் கோடையில் காய்ந்து கல்லாக இறுகிக்கிடக்கும். அதில் ஏறி இறங்கும்போது வண்டி அதிர்கிற அதிர்ச்சியில் பல்புக்குள் இழை அறுந்துபோகும். இல்லையென்றால் ஹோல்டரில் பல்பு லூஸாகி ஆடும். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, “செத்துப்போச்சு” என்று தூக்கிப்போடுவார்.

தை, மாசி என்றால் பின்சீட்டைத் தூக்குவார். உளுந்தும் பாசியும் கம்பும் வீட்டுக்கு வருகிற காலம். தானியத்தைத் தேடி வரும் எலி, மூடை ஏற்றிய காரையும் விடாது. சீட்டுக்குப் பின்னால் பஞ்சும் சாக்குநாருமாக ஒரு கூடு இருக்கும். பக்கத்திலேயே வயர் தோலுரிந்து செம்புக்கம்பி தெரியும். கம்பி பாடியில் பட்டிருந்தால் ஃப்யூஸும் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. “வைப்பர் ஓடுதா? பிரேக் லைட் எரியுதா?” என்பார். அந்த வண்டியில் அவையெல்லாம் ஒரே ஃப்யூஸில் இருந்து பிரிகிறவை. அவை வேலை செய்தால் ஃப்யூஸைத் தொடவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை என்றால்தான் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார். முன்சக்கரம் வாரியடித்த கரிசல் கியர் ஸ்விட்ச்சின் மேல் அப்பி, காய்ந்து, ஓடு மாதிரி மூடியிருக்கும். ஸ்விட்ச்சின் குமிழ் உள்ளே போனால் வெளியே வராது, வெளியே வந்தால் உள்ளே போகாது. சாவியைப் போட்டு, கியரை ரிவர்ஸில் வைத்து, ஸ்விட்ச்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்ப்பார். விளக்கு எரிந்தால் குற்றவாளி ஸ்விட்ச். மண்ணைத் தட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, முனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பார். தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர் என்பதால் சில மெக்கானிக்குகள் தீப்பெட்டியின் மருந்துப் பட்டையிலேயே தேய்த்துவிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. “அந்த மருந்து இதுல ஒட்டும்யா. நாளைக்கு அதுவே அழுக்கு” என்பார்.

இந்த மூன்று கணக்கிலும் அடங்காத கோளாறு ஒன்று ஒரு கார்த்திகையில் வந்தது. ரிவர்ஸ் போட்டால் வெள்ளை விளக்கு மினுக்கட்டாம்பூச்சியாக முணுக்கென்று எரியும். பிரேக்கில் கால் வைக்காமலே சிவப்பு விளக்கும் சேர்ந்து மங்கலாகத் தெரியும். பிரேக்கை மிதித்தாலோ வெள்ளை அடியோடு அணைந்துவிடும். கிணற்றோரம் வண்டி பின்னால் வரும்போது, நிறுத்த நினைக்கிற அந்த நொடியில் வெளிச்சம் போய்விடும். பெரியப்பாவுக்குச் சாமி கும்பிடத் தோன்றிவிட்டது.

அண்ணாச்சி அன்றைக்கு மாசத்தைக் கேட்கவில்லை. பிரேக்கை மிதிக்கச்சொல்லிப் பார்த்தார், விடச்சொல்லிப் பார்த்தார். டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். பழைய ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு வயர், ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதில் கோணி ஊசி. கிளிப்பைச் சுரண்டின பம்பர் போல்ட்டில் கவ்வவிட்டு, ஊசியைப் பின்விளக்கின் எர்த் வயரில் குத்தினார். எரியக்கூடாத இடத்தில் பல்பு எரிந்தது. “இந்தா இருக்கான்” என்றார்.

பூட்டினவர் ரிவர்ஸ் விளக்கின் எர்த்தைத் தனியாகக் கொடுக்காமல், பின்விளக்கின் எர்த் திருகிலேயே சேர்த்து முறுக்கியிருந்தார். டிக்கி ரப்பர் வெடித்து மழைத்தண்ணீர் இறங்கி, திருகு துருவேறிப் பாடியோடு தொடர்பு விட்டுப்போயிருந்தது. ரிவர்ஸ் விளக்குக்கு வந்த கரண்ட் இறங்க வழியில்லாமல் அதே திருகில் இருந்த பிரேக் பல்பின் இழைக்குள் பின்பக்கமாக ஏறி, பிரேக் வயர் வழியாக மறுபக்கத்துப் பிரேக் பல்புக்குப் போய், அங்கே நல்ல எர்த்தைப் பிடித்து இறங்கியிருக்கிறது. ஒரு விளக்குக்கான 12 வோல்ட்டை மூன்று பல்பு பங்குபோட்டால் மங்கத்தானே செய்யும்? பிரேக்கை மிதித்ததும் அந்த வயரிலும் 12 வோல்ட் வந்து நின்றுவிடும். இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றால் ஓட்டம் ஏது? வெள்ளை அணைந்துவிடும்.

திருகைக் கழற்றி, துரு போய்த் தகடு பளிச்சென்று தெரிகிறவரை சுரண்டினார். புது வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலைன் தடவினார். ரிவர்ஸ் விளக்குக்குக் கறுப்பு வயரில் தனியாக ஒரு எர்த் இழுத்து வேறு திருகில் கட்டினார். அன்றைக்குக் கூலியாக வாங்கியதைவிட அந்த வயர் இழுத்ததில்தான் அவருக்குத் திருப்தி. புத்தகத்தில் ஃப்யூஸில் ஆரம்பித்து விளக்கில் முடிக்கச் சொல்லியிருக்கும். அவர் மண் எங்கே தொடும், தண்ணீர் எங்கே இறங்கும், எலி எங்கே வரும் என்று அங்கிருந்து ஆரம்பிப்பார். கரிசல்காட்டுக்கு ஏற்ற பாடத்தை அவரே எழுதிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

2014இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 7ஆம் எண் நெடுஞ்சாலை 44 ஆகி, நாலுவழியாக விரிந்துவிட்டது. பருத்திக்காடுகளில் பாதி மக்காச்சோளமாகிவிட்டது. காட்டுப்பாதைகள் பலவற்றில் சரளை விழுந்திருக்கிறது. இப்போது வருகிற கார்களில் ரிவர்ஸ் போட்டால் திரையில் படமே தெரிகிறது. ஆனால் கார்த்திகை மழையில் ஓடைப்பக்கம் இறங்கிப் பாருங்கள், முதலில் கரிசல் அப்புகிற இடம் அந்தக் கேமராக் கண்ணாடிதான். போன வருசம் ஊருக்குப் போயிருந்தபோது புத்தம்புதுக் கார் ஒன்று தடத்தில் நின்று பின்னால் வரத் தவித்தது. ஒரு பையன் இறங்கிப் போய் டிக்கியைத் தட்டி, “வரட்டும்… வரட்டும்… ரைட்ல ஒடிங்கண்ணே” என்று சொல்லித்தான் அது ரோட்டுக்கு வந்தது.