கண்டம் பண்ண வேண்டிய கோப்பு

2025 செப்டம்பர் கடைசியில் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் என் மனைவியும் புதுச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தவளக்குப்பம் வரும்போது வண்டியின் சூட்டு முள் மேலே ஏற ஆரம்பித்தது. ஏ.சி.யை அணைத்தேன். இறங்கவில்லை. ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினேன். குபுகுபுவென்று ஆவி. சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது என்பதால் முக்கால் மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். பட்டுப்புடவையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வண்டி 2006 ஜனவரியில் வாங்கிய மாருதி 800, வெள்ளை நிறம். ஜி.பி.எஃப். பணத்தில் ஒரு பங்கு, மீதி வங்கிக் கடன். அதுவரை எங்கள் குடும்பத்தில் நாலு சக்கரம் வைத்திருந்தவர் யாரும் இல்லை. அந்த மாடல் 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் என்ஜின் சாமான் கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆம்னிக்கும் பழைய ஆல்டோவுக்கும் இதே 796 சி.சி. என்ஜின் வம்சம்தான்.

மறுநாள் நெல்லித்தோப்பு மெக்கானிக் வந்து பார்த்தார். பதினெட்டு வருஷமாக இந்த வண்டியைத் தொடுகிற ஒரே கை அவருடையது. ஆயில் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கத்தைக் காட்டினார். பால் கலந்த காப்பி நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. "ஹெட் கேஸ்கட் போச்சு சார். தண்ணி ஆயில்ல கலக்குது. ஹெட்டைக் கழட்டி ஃபேசிங் பண்ணணும்."

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அவர் கீழே படுத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவுக்கு அடியில் ஓடும் பட்டையில் லேசாகக் குத்தினார். அப்பளத்தில் குத்தியது போல உள்ளே போனது. எங்கள் வீடு குருசுக்குப்பத்தில். கடலிலிருந்து நாலு தெரு. இருபது வருஷமாக உப்புக்காற்று தின்றதை மேலே பூசிய பெயின்ட் மறைத்து வைத்திருந்தது.

எஸ்டிமேட் இப்படி: ஹெட் வேலை, ரேடியேட்டர், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து 19,500. (இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது, அதையும் மாற்றிவிடலாம் என்றார்.) அடித்தளமும் பட்டையும் டிங்கரிங், வெல்டிங், பெயின்ட் 22,000. முன் ஷாக் அப்சார்பர், கை எல்லாம் 8,000. நாலு டயர் 12,000. ஆக 61,500. இதன் மேல் அரசாங்கத்தின் பங்கு ஒன்று. பதினைந்து வருஷம் முடிந்து 2021-இல் பதிவைப் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். அடுத்த வருஷமே அதை 5,000 ஆக்கினார்கள். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. என் வண்டிக்கு 2026 ஜனவரியில் இருபது முடிகிறது. மொத்தம் 71,500.

என் சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்டோர்ஸ் பிரிவில் கழிந்தது. அரசாங்க ஜீப்புகளை கண்டம் பண்ணும் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். வாங்கிய வருஷம், ஓடிய கிலோமீட்டர், இதுவரை ஆன ரிப்பேர் செலவு, இனி ஆகப்போகும் செலவு, இன்றைய மதிப்பு. செலவு மதிப்பைத் தாண்டினால், 'இனியும் செலவு செய்வது சிக்கனமாகாது' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்புவேன். கையெழுத்தாகி வரும், ஏலம் போகும். எத்தனை ஜீப்பை அனுப்பினேன் என்று கணக்கில்லை. ஒரு டிரைவர் மட்டும், ஏலத்தன்று வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தது.

அதே முறையில் என் வண்டிக்கும் ஒரு நோட் போட்டேன். இன்றைய நிலையில் காய்லான் கடை விலை 14,000. ரிப்பேர் 71,500. கோப்பு தானே முடிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் என் மகனும் போனில் அதையே சொன்னான். "அப்பா, ஜி.எஸ்.டி. வேற 28-லேர்ந்து 18 ஆயிடுச்சு. சின்ன கார் எல்லாம் விலை இறங்கியிருக்கு. ஏர் பேக் கூட இல்லாத வண்டிய எதுக்குப்பா கட்டிக்கிட்டு அழறீங்க?"

ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆசை ஒரு காரணம், மறைப்பானேன். இன்னொரு காரணம் கணக்கு. நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'ப்ரி த ருவியேன்' என்று ஒரு பாடம் வரும். ஒரு பொருள் உண்மையில் நமக்கு என்ன விலைக்கு அடக்கமாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வாத்தியார் அதில் யாரையும் தப்ப விட்டதில்லை. இன்றும் நான் மனக்கணக்கு போடுவது பிரெஞ்சில்தான். தொண்ணூறை 'காத்ரு வேன் தீஸ்', அதாவது நாலு இருபதும் ஒரு பத்தும் என்று எண்ணுகிற பாஷையில் கணக்குப் போட்டுப் பழகியவனுக்கு வேறு எந்தக் கணக்கும் பெரிதாகத் தெரியாது.

அந்தப் பாடத்தின்படி பார்த்தால், ஆபீஸில் நான் முப்பது வருஷம் போட்ட கணக்கிலேயே ஒரு ஓட்டை. ரிப்பேர் செலவை அந்த வண்டியின் விலையோடு ஒப்பிட்டு என்ன பயன்? வண்டியை விட்டுவிட்டால் அடுத்து என்ன செலவு வரும், அதோடு அல்லவா ஒப்பிட வேண்டும்?

எத்தனை வருஷத்துக்குக் கணக்கு? இதை மகன் நேரடியாகக் கேட்கவில்லை, சுற்றி வளைத்துக் கேட்டான். எனக்கு வயசு 73. இந்த வயசில் லைசென்ஸை ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பிக்கிறார்கள், டாக்டர் சான்றிதழோடு. கண்புரை ஆபரேஷன் முடிந்து அண்மையில்தான் புதுப்பித்தேன். ஆகவே ஐந்து வருஷம் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நானே ஓட்ட மாட்டேன்.

டயரியைப் புரட்டினேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து பெட்ரோல், ரிப்பேர், கிலோமீட்டர் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். கடைசி ஐந்து வருஷத்தில் ஓடியது 9,500 கிலோமீட்டர்தான். வருஷத்துக்கு 1,900. இனியும் அவ்வளவே ஓடும் என்று வைத்தால்: பழைய வண்டிக்கு ரிப்பேர் 71,500, ஐந்து வருஷப் பராமரிப்பும் இன்சூரன்ஸும் 40,000, இப்போது கிடைக்கக்கூடிய 14,000-ஐ விட்டுவிடுவதும் செலவுதான். மொத்தம் 1,25,500. பெட்ரோல் நீங்கலாக கிலோமீட்டருக்கு 13 ரூபாய்ச் சொச்சம். புது வண்டி ரோட்டுக்கு வர ஆறரை லட்சம், ஐந்து வருஷம் கழித்து மூன்றரைக்கு விற்றாலும் மூன்று லட்சம் போச்சு. இன்சூரன்ஸ், சர்வீஸ் 75,000. கிலோமீட்டருக்கு 39 ரூபாய்க்கு மேல்.

எனக்கு ஒரே சந்தோஷம். பழைய வண்டி ஜெயித்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போய், வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "என்ஜினுக்கு நான் பொறுப்பு சார். இன்னும் ஐம்பதாயிரம் ஓடும். பாடிக்கு நான் வாய்தா சொல்ல முடியாது. தகரம் ஒட்டலாம். ஒட்டறதுக்கு நல்ல தகரம் வேணுமில்ல? ரெண்டு வருஷத்துல பக்கத்துல பிச்சிக்கும்." நான் எங்கள் ஆபீஸ் ஜீப்புகளைச் சொன்னேன். பாடி முழுக்கத் துருப்பிடித்தும் ஓடின. "அதுக்குக் கீழ தனியா சேஸிஸ் இருக்கு சார். இதுக்குப் பாடிதான் சேஸிஸ். அந்தப் பட்டை போச்சுன்னா இடிபடும்போது பக்கத்துல தாங்க ஒண்ணுமில்ல."

பிரெஞ்சில் ஷாக் அப்சார்பருக்கு 'அமொர்த்திஸர்' என்று பெயர். கணக்கில் வரும் தேய்மானத்துக்கு 'அமொர்த்திஸ்மான்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரண்டும் என் வண்டியில் ஒரே சமயத்தில் முடிந்து போயிருந்தன. இந்த நகைச்சுவையை மெக்கானிக்கிடம் சொல்ல முடியாது. வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே," என்றாள். "சரி பண்றதா இருந்தா பண்ணுங்க. ஆனா எனக்கு அந்த வண்டில உட்கார்ந்து எழுந்திருக்கறது ரொம்ப கஷ்டமா இருக்குதுங்க. கிணத்துக்குள்ளேர்ந்து ஏறி வர்ற மாதிரி இருக்குது."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா இருக்கும்."

மூன்று வருஷம். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருப்பது எனக்குத் தெரியும். டாக்டரிடம் கூட்டிப்போவதே நான்தான், அந்த வண்டியில்தான். ஒவ்வொரு தடவையும் நான் இறங்கி, கதவைப் பூட்டி, ஒரு சுற்று சுற்றி டயரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவள் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருப்பாள். எழுந்திருப்பதை நான் பார்த்ததில்லை. நோட்டுப் புத்தகத்தில் டயருக்குக் காற்று அடித்த தேதி கூட இருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"நீங்க அதை அவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்களே."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கோபம் யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம். அவள் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம். தவளக்குப்பம் டீக்கடை பெஞ்சு நினைவுக்கு வந்தது. அந்த பெஞ்சு உயரமானது. அதிலிருந்து அவள் சுலபமாக எழுந்தாள். அதுவும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அடுத்த இரண்டு வாரம் வேறு மாதிரிப் போனது. வாடகைக் காரே போதுமா என்று ஒரு நாள் யோசித்தோம். பணத்துக்குக் கட்டுப்படியாகும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்குக் கூப்பிட்டால் வருகிறதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதனால் வண்டி பார்க்கப் போனோம். விற்பனைக்கு நிற்கும் வண்டிகளின் பானட்டை நான் திறக்கவே இல்லை. முதலில் அவளை உட்காரச் சொன்னேன், பிறகு எழுந்திருக்கச் சொன்னேன். விற்பனைப் பையன்கள் மைலேஜைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட் அவள் இடுப்பு மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். ரொம்ப உயரமான வண்டிகளும் சரிப்படவில்லை. அதில் ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்க வேண்டியிருக்கிறது. நம் வயசுக்காரர்கள் வண்டி பார்க்கப் போனால் அவசியம் இதைச் செய்து பாருங்கள். ஏறுவதை விட இறங்குவதைப் பாருங்கள்.

ஏழாவது வண்டியில் அவள் எதையும் பிடிக்காமல் எழுந்தாள். ஐந்து வருஷம் ஓடியது, கிளட்ச் இல்லாதது, கூரை உயர்ந்தது, இரண்டு ஏர் பேக். 3,90,000. நெல்லித்தோப்பிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்து அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் எங்கேயும் உள்ளே போகவில்லை. கணக்குப்படி கிலோமீட்டருக்கு 28 ரூபாய் ஆகிறது. பழைய வண்டியை விட இருமடங்குக்கும் அதிகம்.

பழைய வண்டியைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர், "ஆர்.சி. மாத்தறது அப்புறம் பார்த்துக்கலாம் சார், இருபதாயிரம் கையில வாங்கிக்குங்க," என்றார். அப்படிக் கொடுத்துவிட்டு, எங்கேயோ நடந்த விபத்துக்குக் கோர்ட் படி ஏறியவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். பதிவு பெற்ற உடைப்பு மையம் ஒன்றுக்கே எழுதிப் போட்டு, 14,000-க்குக் கொடுத்தேன். ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதைக் காட்டினால் புது வண்டி வாங்கும்போது வரியில் சலுகை உண்டு. நான் வாங்கியது பழைய வண்டி, எனக்குப் பிரயோஜனமில்லை. ஆர்.சி. ரத்தான தகவல் வந்த பிறகுதான் மனசு அடங்கியது.

வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது டிசம்பரில், ஒரு மழை நாளில். நான் முன் கண்ணாடியைத் துடைத்தேன். மழை பெய்துகொண்டிருக்கும்போது கண்ணாடியைத் துடைக்கிற ஆளைப் பார்த்து லாரிப் பையன் என்ன நினைத்தானோ.

நோட்டுப் புத்தகத்தில் கடைசி வரி: 1,04,316 கிலோமீட்டர். கீழே இரட்டைக் கோடு போட்டேன். புது வண்டிக்கென்று கடையில் ஒரு நோட்டு வாங்கி வரக் கிளம்பினேன்.

"இதுலயே பாதிப் பக்கம் சும்மாதானே கெடக்குது," என்றாள் மனைவி. அதுவும் சரிதான். அடுத்த பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டேன்.