வித்துராவில் ஒரு நோன்பு மாலை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், சமவெளி முடிந்து மலை தொடங்குமிடத்தில் அமைந்துள்ளது வித்துரா. நகரிலிருந்து 40 கிலோ மீட்டருக்கு மேற்படாது. பொன்முடியின் மூடுபனியைக் காண விரையும் அன்பர்கள் இங்கு ஒரு குவளைத் தேநீருக்கு நின்றுவிட்டு, கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போய்விடுகின்றனர். நாம் குடும்பத்தோடு இவ்வூரிலேயே இறங்கிக்கொண்டோம். பழைய நண்பர் ஒருவரின் தந்தையார் அழைத்திருந்தார். அன்று மொகரம் பத்தாம் நாள்.

ரப்பர் மரங்களும் மிளகுக் கொடிகளும் மரவள்ளியுமாக ஊர் பசுமை போர்த்துக் கிடக்கிறது. கிழக்கே பேப்பாறை நீர்த்தேக்கம். அதற்கும் அப்பால் போனக்காடு. அதன் பின்னே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். தமிழ் முனிவர் வீற்றிருக்கும் மலை என்று நம்மவர் போற்றும் அச்சிகரத்தை நாங்கள் நின்ற இடத்திலிருந்து காண இயலவில்லை. மேகம் மறைத்திருந்தது. எம் பிள்ளைகளுக்குச் சற்றே ஏமாற்றம்.

பெரியவர் வீட்டில் ஆஷூரா நோன்பு. மூசா நபியும் அவர் மக்களும் கொடுங்கோலனாகிய பிர்அவுனிடமிருந்து மீட்கப்பட்ட நாள் இது என்று மதீனத்து யூதர்கள் நோன்பிருந்ததைக் கண்டு, நபிகள் நாயகமும் நோன்பிருந்து பிறரையும் இருக்கச் செய்தார் என்பது இஸ்லாமிய மரபு. கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்க, திண்ணையில் அமர்ந்து பெரியவர் அக்கதையைச் சொன்னார். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு, குழந்தைகளுக்கும் விளங்கிற்று.

கடல் பிளந்ததை அவர் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார். அரசவையில் நடந்த வாதத்தையே விரித்துரைத்தார். அரசனிடம் போகும்படி இறைவன் பணித்தபோது, தம் நாவில் முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்க வேண்டும், தமையன் ஹாரூனைத் துணைக்குத் தரவேண்டும் என்று மூசா வேண்டினாராம். வேண்டியது கிடைத்தது, கூடவே ஒரு கட்டளையும் வந்தது. அக்கொடியவனிடம் மென்மையாகப் பேச வேண்டுமாம்! தானே தெய்வமென்று கூறிக்கொண்டவனிடம், ஆண் மகவுகளைக் கொன்று குவித்தவனிடம், மென்மை. எமக்கு இது புதிதாக இருந்தது. வீரக் கதைகளில் நாம் கேட்டுப் பழகியது இடிமுழக்கமன்றோ?

அரசன் சினந்து கத்தவில்லை. சிறு குழந்தையாக இருந்த நாள் முதல் இவ்வரண்மனையில் வளர்ந்தவன்தானே நீ என்று உண்ட சோற்றை நினைவூட்டினான். மூசாவின் மறுமொழி வளர்த்த கடனை மறுக்கவில்லை. தம் இனம் முழுவதையும் அடிமையாக்கி வைத்துக்கொண்டு இதை ஓர் உபகாரமாகச் சொல்லிக்காட்டுகிறாயா என்பதே அம்மறுமொழியின் பொருள்.

பெரியவர் இவ்விடத்தில் நிறுத்தியபோது, தூணருகே அமர்ந்திருந்த ஓர் அம்மையார் வாய் திறந்தார். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பதாண்டு கொழுந்து பறித்தவர், தமிழர், அவர் தாயும் அதே லயத்தில் பிறந்தவர். "எங்ககிட்டேயும் இதைத்தானே சொன்னாங்க ஐயா. வீடு குடுத்தோம், அரிசி குடுத்தோம்னு. நாங்க பறிச்ச கொழுந்தைப் பத்தி யாரு பேசினா?" என்றார். ஓய்வு பெற்ற பின் வரவேண்டிய தொகை இன்னும் அவருக்கு வந்தபாடில்லை. பிழைக்கச் சென்ற ஊரில் இச்சொல்லைக் கேளாத குடும்பம் நம் சங்கத்திலேனும் உண்டா என்று எண்ணிக்கொண்டோம்.

பேச்சு வக்கம் பக்கம் திரும்பியது. அவ்வூர் இதே மாவட்டத்தின் கடலோரப் பகுதியில் உள்ளது. தமிழும் கற்றிருந்த அறிஞராகிய வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் 'சுவதேசாபிமானி' இதழைத் தொடங்கினார். 1906 முதல் ஆசிரியராக இருந்த ராமகிருஷ்ண பிள்ளைக்கு முழு உரிமை அளித்தார். பிள்ளையின் பேனா திவான் ராஜகோபாலாச்சாரியை விடாது தாக்கிற்று. 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் அரசு அச்சகத்தைக் கைப்பற்றியது. பிள்ளையைத் திருவிதாங்கூருக்கு வெளியே, நம் திருநெல்வேலிக்கு நாடு கடத்தியது. அவர் 1916-இல் கண்ணூரில் மறைந்தார். தாயகம் திரும்பவில்லை. மௌலவியோ 1932-இல் இறக்குமளவும் அவ்வச்சகத்தைத் திரும்பப் பெறவில்லை. தம் ஆசிரியர் இல்லாத அச்சகம் தமக்கு எதற்கென்று அவர் சொன்னதாக இப்பகுதியில் கூறுவர்.

இதைக் கேட்டதும் அரசவைக் கதையையும் அச்சகக் கதையையும் ஒன்றாக்கிவிட எமக்கும் ஆசைதான். ஆனால் பெரியவர் விடவில்லை. அதே பிள்ளை, புலையர் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு பள்ளியில் ஒருங்கே அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என எழுதினாரென்றும், அக்குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்க ஆணையிட்டது அவர் எதிர்த்த அதே திவானின் அரசென்றும் எடுத்துக்காட்டினார். "பிர்அவுன் யாரென்று தேடும்போது சுற்றிலும் பார்க்க வேண்டும்" என்று சொல்லிக் கஞ்சிச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

பிள்ளைகள் கேட்டது சூனியக்காரர்களைப் பற்றி. அரசன் பரிசு தருவதாகக் கூறி அழைத்த அவ்வித்தைக்காரர்கள், விழா நாளின் முற்பகலில் மக்கள் கூடிய திடலில் மூசாவிடம் தோற்றுப் பணிந்தனர். மாறுகால் மாறுகை வாங்கிப் பேரீச்ச மரத்தில் அறைவேன் என்று அரசன் உறுமினான். காலையில் கூலிக்காக வந்தவர்கள் அன்றே உயிருக்கும் அஞ்சாதவராயினர். பெரியவரின் குரல் இங்கே சற்றுத் தழுதழுத்தது.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் கஞ்சியும் அனைவருக்கும் வந்தன. அம்மையார் கடைசிப் பேருந்துக்குப் புறப்பட்டபோது, தூக்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்த பெரியவர், "அந்த மனு எழுதியாயிற்றா?" என்று வினவினார்.

"பேரன் எழுதிட்டான் ஐயா. ரொம்பக் காரமா எழுதியிருக்கான்."

"நாளைக்குக் கொண்டு வா, பார்த்துத் தருகிறேன். காரத்தைக் குறைக்கலாம். தொகையைக் குறைக்கக் கூடாது."

தூக்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவர் சாலைக்கு இறங்கினார். எம் மூத்த மகன் கைவிளக்கோடு பேருந்து நிறுத்தம் வரை உடன் சென்றான்.