தண்ணீர்மலைக் குரங்கும் நம் வீட்டுத் தீட்டும்

யான் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். விடியுமுன் பெரட்டுக்கு வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடும், வராதவர் பெயருக்கு நேரே ஒரு சுழியும் இடுவது பதினோர் ஆண்டுகளாக என் தொழில். சுழி விழுந்தால் அன்றைய கூலி இல்லை. மாத முடிவில் வரவேண்டிய ஊக்கத்தொகையும் குறையும். "வயித்து வலிங்க கிராணியாரே" என்று சொல்லியனுப்பிய பெண்களுக்கு யான் இட்ட சுழிகளுக்குக் கணக்கில்லை. அவர்களுள் ஒருத்திக்கு மாதந்தோறும் தவறாமல் இரண்டு சுழி விழும். அவள் சோம்பேறி என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். ஆங்கிலக் கல்வி எனக்களித்த சாமர்த்தியங்களில் இதுவும் ஒன்று.

அதே வலி என் வீட்டிலும் இருந்தது. மாதத்தில் மூன்று நாட்கள் என் மனைவி பாயில் சுருண்டு கிடப்பாள். "பெண்ணாய்ப் பிறந்தால் பட்டுத்தானே ஆகவேண்டும்?" என்று என் தாயார் சொல்லிவிட்டு, அவளுக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் பின்கட்டில் வைப்பார். மூடப்பழக்கங்களைக் கண்டித்துப் பட்டணத்துக் கூட்டங்களில் பேசிவிட்டு வரும் யான், அந்தத் தட்டைத் தாண்டித்தான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன். முதலில் பார்த்த வைத்தியரோ, ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பிள்ளையும் பிறக்கவில்லை, வலியும் தீரவில்லை.

ஒரு தைப்பூசத்தன்று அவள் "விலக்கு" என்பதால் தண்ணீர்மலைக் கோயிற் படிகளின் அடியிலேயே நின்றுவிட்டாள். யாங்கள் ஏறினோம். எங்களுக்கு முன்னே, குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஒரு பெண் குரங்கு தாராளமாக மேலே தாவிப் போயிற்று. அன்று அதனை வேடிக்கையாகவே கண்டேன்.

நிற்க, சென்ற ஆண்டு ஜார்ஜ் டவுனில் ஒரு பெண் வைத்தியரிடம் அவளை அழைத்துச் சென்றேன். வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் பார்த்த பின், நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வேரூன்றி, உள்ளேயே புண்ணும் வடுவும் ஆகின்றது. பிள்ளைப் பேற்றையும் இது தடுப்பதுண்டு. பிள்ளை பெறும் வயதுடைய பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வலியைத் தணிக்க வழிகள் உண்டு. அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை.

இத்தனை கோடிப் பேரை வாட்டும் நோய்க்கு ஏன் மருந்தில்லை என்று கேட்டேன். வைத்தியர் சிரித்துக்கொண்டே, "எலிக்கு மாதவிடாய் கிடையாது, அதுவும் ஒரு காரணம்" என்றார். யான் விழித்தேன். அதன் பின்னரே இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கலானேன்.

புதிய மருந்துகள் பெரும்பாலும் எலியிடம் சோதிக்கப்பட்ட பின்னரே மனிதரிடம் வருகின்றன. எலியின் கருப்பைச் சவ்வு, கரு வந்து ஒட்டிய பிறகுதான் தடித்து மாறும். மனித இனத்திலோ கரு வருமுன்னரே சவ்வு தன்னைத் தயார் செய்து வைக்கிறது. விருந்தாளி வராவிட்டால் பந்தி கலைக்கப்படுகிறது. அதுவே மாதவிடாய். மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள், சில வௌவால்கள் என்று மிகச் சில இனங்களுக்கே இது உண்டு. நாய்க்கும் உண்டென்று பலர் எண்ணுகின்றனர். நாயின் உதிரம் சேர்க்கைக் காலத்திற்கு முன் வருவது. வேறு வகையைச் சேர்ந்தது. இவ்வேற்றுமை அறியாமையால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்தியர்கள், பெண்ணுக்கும் உதிரம் வரும் நாட்களிலேயே சினைமுட்டை வெளிப்படும் என்று நம்பினர். கருத்தரிக்கும் நாள் எது, தரிக்காத நாள் எது என்று அவர்கள் சொன்ன கணக்கு எப்படி இருந்திருக்கும்!

அத்தவற்றைத் திருத்த உதவியது குரங்கு. ஜார்ஜ் கார்னர் என்ற அமெரிக்கர், வட இந்தியாவில் மிகுந்துள்ள ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்து 1923-இல் வெளியிட்ட முடிவுகளால், முட்டை வெளிப்படுவது இரு உதிரப் போக்குகளுக்கும் நடுவிலே என்பது தெளிவாகத் தொடங்கிற்று. 1940-இல் மார்க்கீ என்பவர் குரங்கின் கருப்பைச் சவ்விலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதன் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். துணுக்கு அங்கே பிழைத்து வளர்ந்தது. தெளிந்த விழிப்படலத்தின் வழியே, சுருள் வடிவான நுண்ணிய இரத்தக் குழாய்கள் இறுகுவதையும், சில மணி நேரத்தில் உதிரம் கசிவதையும் அவர் நேரே கண்டார். நம் வீடுகளில் கண்ணால் காணவும் ஆகாதென்று ஒதுக்கியதை, ஒரு வாயில்லாப் பிராணி தன் கண்ணிலேயே ஏந்திக் காட்டிற்று. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அது ஞானத்தினாலா, அக்குரங்கின்மேல் இரக்கத்தினாலா என்று இன்னும் தெரியவில்லை.

தண்ணீர்மலையிலும், 1884-இல் அமைந்த தாவரப் பூங்காவிலும் நம் பழத்தைப் பறித்தோடும் நீண்டவால் குரங்கு, மலாய்க்காரர் கெரா என்பது, அந்த ரீசஸுக்கு உறவினம். அதற்கும் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கொருமுறை மாதவிடாய் உண்டு. என் மனைவிக்கு வந்த நோயே இயற்கையாக அதற்கும் வருகிறது. ஆகவே ஆராய்ச்சிக் கூடங்கள் அதனை விரும்புகின்றன. இந்திய அரசாங்கம் ரீசஸ் ஏற்றுமதியை 1978-இல் நிறுத்திற்று. நம் நாட்டு அரசாங்கம் கெரா ஏற்றுமதிக்கு இருந்த தடையை 2007-இல் நீக்கி, எதிர்ப்பெழுந்தபின் 2008-இல் மீண்டும் விதித்தது. அத்தடை சரியென்றே யான் எண்ணுகிறேன். ஆயினும் என் மனைவி வலியால் துடிக்கும் இரவில் என்னைக் கேட்டால் இவ்வளவு உறுதியாகச் சொல்வேனா என்பது ஐயம்.

எலிக்கு ஹார்மோன் ஊட்டி, கருப்பையில் எண்ணெய் செலுத்தி, செயற்கையாக மாதவிடாய் உண்டாக்கும் முறையும் 1984 முதல் உண்டு. 2017-இல் மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார், முதுகில் முள்போன்ற மயிருள்ள கெய்ரோ எலிக்கு இயற்கையாகவே மாதவிடாய் உண்டென்று கண்டனர். அதன் சுற்று ஏறத்தாழ ஒன்பது நாள். ஆராய்ச்சிக் கூடத்தில் நெடுங்காலம் வளர்ந்த ஓர் உயிரிடம் இதைப் பார்க்க அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்! அவர்களைப் பார்த்து நகைக்க எனக்குத் தகுதியில்லை. என் கையில் பதினோர் ஆண்டுப் பதிவேடு இருந்தது.

பின்கட்டுத் தட்டை யானே எடுத்து அடுக்களையில் மற்றத் தட்டுகளோடு வைத்தேன். என் தாயார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மருமகளுக்கு வெந்நீர்ப் பையை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

யான் சோம்பேறி என்றெழுதிய பெண் இன்னும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறாள். இம்மாதம் அவள் வராத இரண்டு நாட்களுக்கும் சுழியிடாமல் "நோய்" என்று எழுதினேன். வைத்தியர் சான்று எங்கே என்று மேலாளர் கேட்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவளை அந்தப் பெண் வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறாள்.