ஒரு நூலும் இரண்டு ஊசிகளும்

தோலின்றி நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. காலிற் செருப்பு, இடையிற் பட்டி, சட்டைப் பையிற் பணப்பை, கோயில் வீதியில் தவில், கச்சேரி மேடையில் மிருதங்கம் என எங்கு நோக்கினும் தோல் நமக்கு ஊழியஞ் செய்கின்றது. ஆயினும் அதனை அளந்து வெட்டவும், கையால் தைக்கவும், சாயமூட்டவும் அறிந்தவர் நம் வீடுகளில் எத்தனை பேர்? சட்டை தைக்கத் தெரிந்த தாய்மார் உளர்; கதிரைக்குக் கால் பூட்டத் தெரிந்த தந்தைமார் உளர்; தோல் வேலை தெரிந்தவரைக் காண்பது அரிது. இதற்குரிய காரணத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஆயின் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் வேலையைப் பார்ப்போம்.

எமது மகளின் பாடசாலைப் பையின் தோற்பட்டி ஒருநாள் தையல் விட்டுத் தொங்கியது. பட்டினத்துப் பஸ் நிலையத்தருகே குடை விரித்து அமர்ந்து செருப்பும் சப்பாத்தும் தைக்கும் முதியவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். மகளும் உடன் வந்தாள். முதியவர் பட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“மாஸ்ரர், இது மெசின் தையல். மேல் நூல் தேய்ஞ்சு அறுந்திட்டுது. இனி மிச்சமும் ஒவ்வொண்டாய் விடும். நான் ரெண்டூசி போட்டுத் தாறன்” என்றார்.

பழைய தையலை முழுவதும் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தைக்கலானார். மகள் அரை மணி நேரம் அசையாது நின்று பார்த்தாள். முடிவில், “ஐயா, எனக்கும் இதைக் காட்டித் தருவீங்களோ?” என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். பின்பு எம்மைப் பார்த்தார். “மாஸ்ரர் ஓமெண்டால் எனக்கென்ன, பிள்ளை” என்றார். அவ்வாறே அடுத்த விடுமுறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எமது வீட்டிற்கு வந்து, எமது பிள்ளைகள் இருவருக்கும் அயல் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் கற்பித்தார். அருகிருந்து நாமும் கற்றோம். கற்றவற்றைத் தொடங்குவோருக்குப் பயன்படுமாறு இங்கே தருகின்றோம்.

இயந்திரத் தையலில் நூல்கள் இரண்டு. ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் ஓடி, நடுவில் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். மேல் நூல் ஓரிடத்தில் அறுந்தால் கீழ் நூலுக்குப் பிடியில்லாமற் போகும். இழுவை படுந்தோறும் அயலிலுள்ள தையல்களுந் தளரும். முதியவர் போட்ட தையலில் நூல் ஒன்றே. அதன் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். ஒவ்வொரு துளையினூடாகவும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகச் செல்லும். ஆகையால் ஒரு புறத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும், அதே துளைகளினூடாகச் செல்லும் மற்றப் பாதி தோலைப் பற்றிக்கொண்டு நிற்கும். குதிரைச் சேணம் தைப்போர் கையாண்ட முறையாதலின் ஆங்கிலத்தில் இதற்குச் சேணத் தையல் என்று பெயர். ஓடும் குதிரையிற் சேணத்தின் வார் அறுந்தால் ஏறியவனின் உயிருக்கே ஆபத்தல்லவா? சாதாரணத் தையல் இயந்திரத்தால் இத்தையலைப் போட முடியாது.

தொடங்குவோர் மரப்பட்டையிலுள்ள தனின் என்னும் துவர்ப்புச் சத்தாற் பதனிட்ட தோலையே தேடி வாங்குதல் வேண்டும். தடிப்பு 2 மில்லிமீற்றர் அளவிற் போதும். குரோமிய உப்பாற் பதனிட்ட தோல் மென்மையானது. உலகில் இன்று பதனிடப்படும் தோலிற் பெரும்பகுதி அதுவே. ஆயினும் அதன் ஓரங்கள் தேய்த்து மெருகேற்ற இடந்தருவதில்லை. தென்னிந்தியாவில் நெடுங்காலமாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோல் பதனிடப் பயன்பட்டன. நம் நாட்டு வறண்ட நிலங்களில் மஞ்சட் பூவோடு நிற்கும் ஆவாரைக்கு, ‘தோல் பதனிடுவோரின் கொன்றை’ என்னும் பொருளுடைய பெயர் ஆங்கிலத்தில் உண்டு.

கருவிகளுக்கு அதிகப் பணம் வேண்டியதில்லை. கூரிய கத்தி, இரும்பு அடிமட்டம், கேத்திரகணிதப் பெட்டியிலுள்ள பிரிகருவி, மரத்தாலாகிய கொட்டாப்புளி, குத்தூசி, முனை மழுங்கிய தையலூசிகள் இரண்டு, உறுதியான லினன் நூல் அல்லது பொலியெஸ்ரர் நூல், தேன்மெழுகு ஆகியன போதும். துளைகளுக்குச் சம இடைவெளி குறிப்பதற்கெனப் பல முனைகளையுடைய உளி கடைகளில் உண்டு. அது கிடைக்காவிடின் சாப்பாட்டு மேசையிலுள்ள முட்கரண்டியே போதும் என்று முதியவர் காட்டித் தந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

முதலிற் பிரிகருவியின் ஒரு காலைத் தோலின் ஓரத்தில் ஓடவிட்டு, ஓரத்திலிருந்து 4 மில்லிமீற்றர் உள்ளே மற்றக் காலாற் கோடு கீறுக. அக்கோட்டின்மேல் முட்கரண்டியை அழுத்தி அடையாளமிடுக. அடுத்த முறை அழுத்தும்போது, முன்னர் விழுந்த கடைசிக் குறியில் முதல் முள்ளை வைத்தால் இடைவெளி மாறாது. பின்னர் ஒவ்வொரு குறியிலும் குத்தூசியாற் துளையிடுக. நல்ல குத்தூசியின் அலகைக் குறுக்கே பார்த்தால் சாய்சதுரமாக இருக்கும். எல்லாத் துளைகளிலும் அதனை ஒரே சாய்விற் செலுத்தினால் தையல்களும் ஒரே சாய்வில் அழகாக அமையும். துளைக்கும்போது தோலின் பின்னே விரலை வைத்தலாகாது; ஒரு தக்கையை வைத்துக்கொள்க. சிறுவர்கள் பெரியோர் ஒருவரின் பார்வையிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

6 அங்குலத் தையலுக்கு அதன் நான்கு மடங்காகிய 24 அங்குல நூலும், கையாற் பிடித்து இழுப்பதற்கு மேலும் 12 அங்குலமும் வேண்டும். ஆக ஒரு யார். நூலைத் தேன்மெழுகின்மேல் இரண்டு மூன்று முறை இழுத்து, இரு முனைகளிலும் ஊசி கோத்துக்கொள்க. தோலை இரண்டு பலகைத் துண்டுகளுக்கிடையே வைத்து முழங்கால்களால் இடுக்கிக்கொண்டால் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். முதல் துளையில் நூலைச் செலுத்தி, இரு புறமும் நீளத்தைச் சமமாக்குக. அடுத்த துளையில் இடக்கை ஊசியை முதலிற் செலுத்தி வலப்புறம் வாங்குக. பின்னர் அதே துளையில் வலக்கை ஊசியைச் செலுத்துக. இவ்வூசி முன்சென்ற நூலைக் குத்திவிடாதபடி, அந்நூலைச் சற்றுப் பின்னே இழுத்துப் பிடித்தல் அவசியம். இரு கைகளாலும் ஒரே அளவாக இழுத்து இறுக்குக. எந்த ஊசி முதலிற் சென்றதோ, கடைசித் துளை வரை அதே ஊசியே முதலிற் செல்லல் வேண்டும். ஒழுங்கு மாறினால் வரிசை கோணிப்போகும். முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட நறுக்குக. ஓரங்களை அரத்தாளால் தேய்த்து, சிறிது நீர் தடவி, முரட்டுத் துணியால் விரைவாக உரைத்தால் மினுமினுப்பு உண்டாகும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். முதியவர் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, உள்ளேயிருந்த எமது தாயார், “அவன் வந்திட்டான் போல கிடக்கு” என்றார். பத்து வயதான எமது மகன், “அவர் வந்திட்டார், ஆச்சி. அவர்தானே எங்களுக்குப் படிப்பிக்கிறவர்” என்றான். அவன் குற்றங் கூறும் நோக்கத்துடன் அதனைச் சொல்லவில்லை. பாடசாலையிற் படிப்பிப்பவரை ‘அவர்’ என்று சொல்லும் பழக்கத்திலேயே சொன்னான். ஆச்சி மறுமொழி கூறவில்லை. முற்றத்தில் நின்றவருக்கு இரண்டு சொற்களும் கேட்டிருக்கும். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. விறாந்தையில் நாம் வைத்த கதிரையை விலக்கிப் படியிலேயே அமர்ந்தார். “தோல் இடுக்கிறதுக்கு இதுதான் வசதி, மாஸ்ரர்” என்றார். நான்கு கிழமைகளும் படியிலேயே அமர்ந்தார். பிள்ளைகளும் படியிலேயே அமர்ந்தனர்.

மூன்றாங் கிழமை சாயமூட்டல். சாயத்தைத் தைப்பதற்கு முன்னரே பூசுதல் நன்று. பின்னர்ப் பூசினால் நூலும் நிறம் மாறும். கடைச் சாயமாயின் முதலிற் கழிவுத் துண்டொன்றிற் பூசிப் பார்த்தல் வேண்டும். தோலை ஈரத் துணியால் துடைத்து, கம்பளித் துண்டொன்றைச் சாயத்தில் தோய்த்து வட்ட வட்டமாகப் பூசுக. தடிப்பாக ஒருமுறை பூசுவதிலும் மெல்லியதாக இருமுறை பூசுவதே சிறந்தது. ஓரிரவு நிழலில் உலரவிட்டு, கையில் ஒட்டும் மிகுதிச் சாயம் முழுவதும் நீங்கும்வரை துணியால் துடைத்து, மெழுகு பூசுக. மதுசாரங் கலந்த சாயங்களைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே கையாளுதல் வேண்டும்.

கறுப்பு நிறத்தை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். போத்தலொன்றில் வினாகிரியை விட்டு, எண்ணெய்ப்பசை நீங்கக் கழுவிய சிறிய இரும்பாணிகளை இட்டு இரண்டு வாரம் வைக்கவேண்டும். நாகம் பூசிய ஆணிகள் உதவா. இரும்பும் அமிலமும் சேர்ந்து ஐதரசன் வாயு வெளிவருமாதலால் மூடியை இறுக்கலாகாது. நெருப்பண்மையில் வைத்தலும் ஆகாது. பின்னர் நீரை வடித்தெடுக்க. பாலுஞ் சீனியுங் கலவாத கடுந்தேநீரைத் தோலுக்கு முதலிற் பூசினால் தனின் மிகும், கறுப்பும் ஆழமாகும். அதன்மேல் இவ்விரும்பு நீரைப் பூசுக. வெளிறிய அந்நீர் பட்ட தோல் கண்முன்னே கருகிக் கறுப்பாவதைக் கண்டு பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சிறிது அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து அமிலத்தை நீக்கி, நன்னீராற் கழுவி, அரைகுறையாய் உலர்ந்ததும் எண்ணெய் பூசுதல் அவசியம். இன்றேல் தோல் வெடிக்கும். இது மேலே பூசிய வர்ணமன்று. இரும்பு தோலிலுள்ள தனினோடு கூடி உண்டாக்கும் நிறம். தனின் இல்லாத தோலில் இக்கறுப்புப் பிடிக்காது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் நன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி நம் முன்னோர் எழுதும் மை ஆக்கினர். கடுக்காயிலுள்ளது தனின், அன்னபேதி இரும்பின் உப்பு. புலவரின் ஏட்டிற் படிந்த கறுப்பும், செருப்புத் தைப்பவரின் கையிற் படிந்த கறுப்பும் ஒரே இரசாயனம். முன்னது கல்வியின் அடையாளமாயிற்று. பின்னது இழிவின் அடையாளமாயிற்று.

முன்னர்ச் சொல்லாது விட்ட காரணம் இதுவே. புறநானூற்றின் 82ஆம் பாட்டிற் சாத்தந்தையார் என்னும் புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவைப் பாடுகின்றார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வேதனை, வெளியே மழை, மேற்கே சாயும் பொழுது. இத்தனைக்குமிடையிற் கட்டிலுக்கு வார் பின்னும் ஒருவனின் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாக ஓடும்! அரசனின் போர் அதனினும் விரைந்தது என்கின்றார். அவ்வூசியின் விரைவைக் கூர்ந்து கண்ட புலவர், அதனைப் பிடித்த மனிதனைச் சுட்டுதற்கு, இழிந்தவன் என்னும் பொருள்படுஞ் சொல்லையே வைத்தார். வேலையின் திறத்தை வியப்பதும் வேலையாளை இகழ்வதும் அன்றே ஒன்றாய் நின்றன.

இங்கிலாந்திலே வால்சால் என்னும் நகரம் சேணத் தொழிலாற் பெயர்பெற்றது. அந்நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தைச் ‘சேணத் தொழிலாளர்’ என்றே அன்போடு அழைக்கின்றனர். நம்மிடையேயோ தோல் வேலை செய்வோரின் குலப்பெயர் சந்தியிலும் சந்தையிலும் வசைமொழியாயிற்று. மிருதங்கத்தைத் தொட்டு வணங்கியவர்கள் அதற்குத் தோல் மூட்டியவர்களை மதிக்கவில்லை. அக்கைவினைஞரைப் பற்றி இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூல் 2020ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில் விலக்கி வைத்தலை இலங்கைப் பாராளுமன்றம் 1957ஆம் ஆண்டிற் சட்டத்தாற் தடுத்தது. வீட்டுக்குள்ளே ‘அவன்’ என்று சொல்வதை எச்சட்டமுந் தடுக்காது.

முதியவரின் மக்கள் இத்தொழிலுக்கு வரவில்லை. வந்திருக்கவேண்டும் என்று சொல்ல எமக்கும் மனமில்லை. பிறப்பினாற் சுமத்தப்பட்ட வேலையை விட்டு நீங்குதல் அவர்களுடைய உரிமை. ஆயின் அவ்வேலையை எவருங் கற்கலாம், எவருஞ் செய்யலாம் என்னும் நிலை வந்தாலன்றி அதனோடு ஒட்டிய இகழ்ச்சி நீங்காது. இரண்டு ஊசிகளையும் கையிலெடுத்து, ஆறங்குலம் நேராகத் தைப்பதற்கு எத்தனை மணி நேரம் செல்கின்றது என்று கண்ட பிள்ளைகள், அதனை நாள் முழுவதும் செய்பவரை இனிமேல் இளக்காரமாகப் பேசமாட்டார்கள் என்று நம்புகின்றோம்.

எமது மகள் தன் முதல் வேலையாக ஆச்சியின் மூக்குக்கண்ணாடிக்கு ஓர் உறை தைத்தாள். ஆச்சி அதனைத் தடவிப் பார்த்து, “இந்தக் கறுப்பு வேட்டியில ஒட்டாதோ? அவரிட்டைக் கேட்டுச் சொல்லு” என்றார். ஆச்சியின் மனம் முற்றாக மாறிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். எழுபது வருடப் பழக்கத்தில் ஓர் எழுத்து மாறியது, அவ்வளவே.

வரும் விடுமுறையில் வாசகர் வீடுகளிலும் இதனை முயன்று பார்க்கலாம். கண்ணாடி உறையோ, பணப்பையோ, புத்தகத்தில் வைக்கும் அடையாளப் பட்டியோ முதல் வேலைக்கு ஏற்றது. அண்மையில் உள்ள செருப்புத் தைப்பவரிடம் சென்று, ‘நீங்கள்’ என்று அழைத்துக் கேளுங்கள். அவர் கற்பித்தால், கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ரியூசன் ஆசிரியருக்கு என்ன கொடுக்கின்றோமோ, அதே தொகையை அவருக்குங் கொடுங்கள்.