பாடிகாட் முனீஸ்வரர் வழியாக டெல்லிக்கு

திருச்சி கே.கே. நகரில் குடியிருப்பவர்களுக்கு ஆயுதப்படை மைதானத்துப் பூட்ஸ் சத்தம் பழகிப்போன ஒன்று. எனக்கு மட்டும் அது இன்னும் பழகவில்லை. எங்கே அணிவகுப்பு நடந்தாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். கார்த்திகைக் கடைசியில் டெல்லிக்குக் கிளம்பியதும் குடியரசுத் தலைவர் மாளிகையின் காவல் மாற்ற நிகழ்ச்சிக்காகத்தான்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கினேன். சென்ட்ரலில் ரயில் ஏற நேரம் இருந்ததால் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரரைப் பார்க்கப் போனேன். மாலை போட்ட புது வண்டிகள், சக்கரத்தடியில் எலுமிச்சை. 1778இல் மெட்ராஸ் கவர்னருக்கென்று திரட்டிய மெய்க்காவல் குதிரைப்படை இந்தப் பக்கம் தங்கியிருந்தது. அதனால்தான் சாமிக்கு இந்தப் பெயர் என்பார்கள். சுதந்திரத்தோடு படை கலைந்தது. முனீஸ்வரர் பெயரை வைத்துக்கொண்டார்.

டெல்லியில் இருப்பது அந்த மெட்ராஸ் படைக்கு ஐந்து வயது மூத்த படை. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் ஐம்பது வீரர்களைப் பொறுக்கியெடுத்துத் தொடங்கியது. இன்று அது குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை.

சனிக்கிழமை காலை, பல்லைக் கிட்டவைக்கும் குளிர். மாளிகை முற்றத்தில் முதலில் குளம்பொலி கேட்டது. பிறகுதான் சிவப்பு தெரிந்தது. கோடையில் வெள்ளை உடுத்துபவர்கள் குளிர்காலத்தில் சிவப்புக் கோட்டுக்கு மாறுகிறார்கள். நீலமும் பொன்னிறமுமான தலைப்பாகை, முழங்கால்வரை பூட்ஸ், சிவப்பு வெள்ளைக் கொடி கட்டிய ஈட்டி. எல்லாம் செம்பழுப்புக் குதிரைகள். எக்காளம் ஊதுபவருக்கு மட்டும் வெண்சாம்பல் குதிரை. அன்றைய போர்க்களத்தில் புகைக்கு நடுவே அவரை எல்லோரும் அடையாளம் காண வேண்டுமே! தேவை போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு குதிரை தலையைச் சிலுப்பியது. மேலிருந்தவரின் ஈட்டி இம்மியும் சாயவில்லை. எத்தனை விடியல்களின் பயிற்சி அது!

வேடம் போட்டு நிற்பவர்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது. பாராசூட்டில் குதிக்கவும் கவச வாகனம் ஓட்டவும் தேர்ந்த போர்வீரர்கள். சியாச்சின் பனியிலும் பணியாற்றியவர்கள். நம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அவருக்கு முன்னும் பின்னும் குதிரையேறிப் போனதும் இந்தப் படைதான்.

சோழ மன்னர்களைக் காத்த வேளைக்காரப் படையைத் தஞ்சைக் கல்வெட்டில் வாசிக்கிறோம். மெட்ராஸ் படையைச் சாமியின் பெயரில் கூப்பிடுகிறோம். சட்டையையும் நடையையும் கல்லில் வெட்டி வைக்க முடியாது. ஒருவர் கற்று இன்னொருவருக்குச் சொல்லித்தர வேண்டும். அது டெல்லியில் இருநூற்றைம்பது ஆண்டுகளாக அறுபடாமல் நடந்துவருகிறது.

டெல்லிக்குப் போகிறவர்கள் செங்கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.