தீர விசாரிப்போம்: ஒரு பழைய கணினி தந்த பாடம்



எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்தாண்டுகளைக் கடந்த மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 7-இல் இயங்குவது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரியிலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டதால் வங்கிக் கணக்கு போன்றவற்றை அதில் நாங்கள் திறப்பதில்லை. அதில் வைஃபை வசதி கிடையாது. ஈதர்நெட் கேபிள் வழியாகத்தான் இணையம் வர வேண்டும். மக்ரிபுக்குப் பின் என் இளைய மகன் அதன்முன் அமர்ந்துதான் தன் உஸ்தாதிடம் தஜ்வீத் பயின்று வருகிறான்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை வீட்டில் புதிய ரவுட்டர் பொருத்தப்பட்டது. மேசையை நகர்த்துவதற்காகக் கணினியின் வயர்களை எல்லாம் கழற்றி மீண்டும் மாட்டினோம். அன்று மாலை கைபேசிகள் அனைத்திலும் இணையம் வந்தது. கணினியில் மட்டும் வரவில்லை. வகுப்பு தவறியது. முந்தைய வாரம் மகன் அதில் ஏதோ ஒரு விளையாட்டை ஏற்றியது என் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டேன். "நீதான் எதையோ மாற்றி வைத்திருக்கிறாய்" என்று அவன் தாயின் முன்பும் பாட்டியின் முன்பும் கடிந்துகொண்டேன்.

"அல்லாஹ் மீது சத்தியமா நான் எதையும் மாத்தலை அத்தா" என்றான்.

"பொய்ச் சத்தியம் செய்யாதே" என்றேன். அவன் அதன்பின் பேசவில்லை. உண்ணாமலே உறங்கிவிட்டான்.

இஷாவுக்குப் பின் கணினியின் முன் அமர்ந்தேன். முதலில் கேபிள். அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் பார்வைக்குச் செருகியதுபோல் இருக்கும், உள்ளே தொடர்பு இராது. கொக்கி நன்றாகவே இருந்தது. கணினியின் பின்புறத் துளையருகே விளக்குகளும் எரிந்தன. விளக்கு எரிந்தால் கம்பி இருபுறமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஐயம் தீர வேறொரு கேபிளையும் மாட்டிப் பார்த்தேன், பயனில்லை.

அடுத்து, கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை இட்டேன். அங்கே 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ஆனால் எனக்குத் தெரிந்தது 192.168.1.50. நுழைவாயில் எண் 192.168.1.1. புதிய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன்: 192.168.0.1. ரவுட்டர் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. கணினியோ பழைய தெருவின் கதவையே தட்டிக்கொண்டிருந்தது.

இந்த எண்ணை யார் எழுதி வைத்தது? விடை உடனே வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், அச்சுப்பொறியை எல்லாரும் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்காக முகவரியை மாறாததாக அமைத்தவன் நானேதான். அப்போது என் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாதவன்.

நெட்வொர்க் அமைப்பில் ஐபி முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றினேன். இணைப்பு வந்தது. எனினும் தளங்கள் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டின. மூலையில் பார்த்தால் ஆண்டு 2009! தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. மின்வயரைக் கழற்றியதும் கடிகாரம் தன் காலத்தை மறந்துவிட்டது. பழைய தேதியில் நிற்கும் கணினிக்கு இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். தேதியைத் திருத்தினேன். எல்லாம் சரியாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் பேட்டரியையும் மாற்றினேன்.

கணினி சரியான பின்னும் உறக்கம் வரவில்லை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்றும், சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகுங்கள், அவற்றுள் சில பாவமாகும் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. குற்றம் சாட்டுபவர் ஆதாரம் தர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது மார்க்கம் வகுத்த நீதி. என்னிடம் ஆதாரம் இல்லை. அவனோ சத்தியம் செய்தான். அதையும் நான் பொய்யென்றேன். ஒரு கேபிளுக்குக் காட்டிய நிதானத்தை என் பிள்ளைக்குக் காட்டவில்லை.

ஃபஜ்ருக்குப் பின், பசியாறும் வேளையில், முந்தைய நாள் யார்யார் முன் கடிந்தேனோ அவர்கள் முன்பாகவே நடந்ததைச் சொன்னேன். "தவறு அத்தாவுடையது. என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவன் கணினியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நான் பொய்ச் சத்தியம் பண்ணலைன்னு இப்ப நம்புறீங்களா அத்தா?" என்று மட்டும் கேட்டான். நம்புகிறேன் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் ஆயிற்று, தொண்டை அடைத்துக்கொண்டது.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பழைய கணினி இணைப்பிழந்தால் விளக்கைப் பாருங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். முகவரியையும் தேதியையும் சரிபாருங்கள். அதுவரை வீட்டில் யாரையும் குற்றவாளியாக்காதீர்கள்.

நம் நாவுகளையும் எண்ணங்களையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக. நம் பிள்ளைகளின் உள்ளங்களில் நம்மால் ஏற்பட்ட காயங்களை ஆற்றுவானாக. ஆமீன்.