கைக்கு எட்டும் உயரம்

சோழபுரம். காலை ஆறரை. ராஜபாளையம் மில் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. மதினி ஈரத்தலையோடு ஓடுகிறார். அடுப்பில் உலை இன்னும் கொதிக்கவில்லை.

பையன் எழவில்லை. ஆறு வயசு. தலையணைப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம்.

அது எங்கே போகும் என்று தெருவுக்கே தெரியும்.

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாக நொறுக்குத்தீனிப் பாக்கெட். கடைசிப் பாக்கெட் தொங்குகிற இடம், ஆறு வயசுக் கைக்கு எட்டும் உயரம். கடலைமிட்டாய் பாட்டில் உள்ளே, மேல்தட்டில். கேட்டால் கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

யாரும் கேட்கவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்தேன்.

ஏழரைக்குப் பாக்கெட். எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் பொங்கல். இடையில் ஒரு மணி நேரம். பசி அதற்குள் செத்துவிடுகிறது.

எங்கள் ஆச்சி: "நாங்க என்ன சத்து பாத்தா தின்னோம்? குதரவாலிச் சோறு, கம்மங்கஞ்சி. கெடச்சதத் தின்னோம்."

கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே: "கெடைக்காத நாளும் உண்டு."

இந்த இரண்டாவது பேச்சை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்கிறேன்.

குதிரைவாலி இன்றும் இந்த விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில் விளைகிறது. தெருக்கடையில் இல்லை. கேட்டதற்கு, "டவுன்ல கிடைக்கும்ணே."

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டின் கதை இது. 1956, காமராஜர், எட்டயபுரம்: மதிய உணவு. 1982 ஜூலை 1, எம்.ஜி.ஆர்.: சத்துணவு. 1989: முட்டை, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010: வாரத்துக்கு ஐந்து.

வாரத்துக்கு அரை முட்டை என்பது ஐந்து முட்டையாக இருபத்தோரு வருஷம். அந்த இருபத்தோரு வருஷத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்.

முட்டையில் முத்திரை உண்டு. வெளியே விற்றுவிடக் கூடாது என்று. ஒரு சிறுமி முத்திரை உள்ள ஓட்டை மட்டும் உடையாமல் உரித்து எடுத்தாள். பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

காலை உணவு: 2022 செப்டம்பர் 15, மதுரையில் தொடக்கம். சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். தன் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறவராக இருக்க வேண்டும் என்பது விதி. கரண்டி பிடிக்கிற கைக்கு வரிசையில் ஒரு முகம் தெரியும். இதை யோசித்த அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

புதன்கிழமை. பொங்கல், சாம்பார். சாம்பாரில் கேரட். வீட்டில் கேரட்டைக் கண்டாலே எழுந்து போகிறவன் இங்கே மென்றுகொண்டிருக்கிறான். கருவேப்பிலை மட்டும் தட்டோரத்தில் வரிசையாக.

வாசலில் கேட்டேன், ஏண்டா தின்னே என்று.

"எல்லாரும் தின்னாங்க சித்தப்பா."

அமெரிக்காவில் லியான் பிர்ச் என்பவர் இதைச் சோதித்து 1980-ல் வெளியிட்டார். ஒரு காய் பிடிக்காத குழந்தையை, அந்தக் காய் பிடித்த மூன்று நான்கு குழந்தைகளோடு உட்கார வைத்தார். நாலாம் நாளுக்குள் பல குழந்தைகள் அந்தக் காயையே தேர்ந்தெடுத்தன.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா கடை. இரும்புச் சட்டி, கீழே விறகு, கிளறுகிறவர் தோளில் துண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கிறான்.

பக்கத்தில் ஒரு அம்மா: "மத்தியானம் கீரை தின்னாத்தான் பால்கோவா."

கீரை வேலையாகிவிட்டது. பால்கோவா கூலி. நானும் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது.

கிளாரா டேவிஸ், அமெரிக்க டாக்டர், 1920களில் ஒரு சோதனையைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த பதினைந்து குழந்தைகள். முப்பத்து நாலு வகை உணவு. கூடவே நர்ஸ், கையில் ஸ்பூன். நர்ஸுக்கு ஒரே கட்டளை: நீட்டாதே. குழந்தை கை காட்டினால் மட்டும் ஸ்பூனை நிரப்பு.

அதில் ஒரு குழந்தைக்கு ரிக்கெட்ஸ், எலும்பு வளைகிற நோய். முன்னால் சின்ன கிளாஸில் மீன் ஈரல் எண்ணெய். தானாகவே குடித்தது. எலும்பு தேறியதும் நிறுத்திவிட்டது.

முப்பத்து நாலில் சர்க்கரை கிடையாது. பாக்கெட்டும் கிடையாது. குழந்தைதான் தேர்ந்தெடுத்தது. தட்டில் என்ன இருக்கலாம் என்பதைப் பெரியவர் தேர்ந்தெடுத்தார்.

பெட்டிக்கடைச் சரம் மறுபடி நினைவுக்கு வருகிறது.

எதிர்வீட்டில் செல்போனைக் காட்டி ஊட்டுகிறார்கள். வாய் திறக்கிறது, மூடுகிறது. என்ன சாப்பிட்டே என்று கேட்டேன். குழந்தைக்குத் தெரியவில்லை.

நிலாவைக் காட்டி ஊட்டியதும் ஏமாற்றுத்தான். ஆனால் கதை சொன்னவள் குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பு. சப்பட்டை மாங்காய். பொறுக்கிய காய், உப்பு, மிளகாய்ப்பொடி. ஐந்து பேர், ஒரே காய், மாறி மாறிக் கடி. புளிப்பில் ஒரு கண் மூடுகிறது. இவர்களில் இரண்டு பேர் "ஒண்ணுமே தின்ன மாட்டேங்கிறான்" என்று பெயர் வாங்கியவர்கள்.

சாயங்காலம் நாலேகால். மதினி வேனிலிருந்து இறங்கி வருகிறார். காதோரத்து முடியில் பஞ்சு. காலையில் தின்னாத பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்கிறார். சின்ன வெங்காயம் நாலு.

பையன் விளையாட்டை விட்டுவிட்டு வருகிறான். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் குந்துகிறான். வாயைத் திறக்கிறான்.

ஒரு உருண்டை. பாதி கடித்த வெங்காயம்.

கண்ணில் தண்ணி. மெல்லுகிறான். மறுபடி வாயைத் திறக்கிறான்.